ஏரோதுக்கு ஊர்ப் பெயர் சொன்னவர்கள்

1

இந்த டிசம்பரில் என் மகளுக்கு மூன்று வரி வசனம் கிடைத்தது.

மேற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் நகரத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குப் பங்குக் கோயிலில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். நிம்மிக்கு ஒன்பது வயது. மாதா வேடம் கேட்டாள், இல்லை என்றார்கள். சம்மனசு, அதாவது தேவதூதர் வேடம் கேட்டாள், அதுவும் இல்லை. கடைசியில் கிடைத்தது வேத வல்லுநர் வேடம். ஏரோது ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி, மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்பான். இவள் ஒரு காகிதச் சுருளை விரித்து, மிக்கேயாஸ் தீர்க்கதரிசி முன்னமே சொல்லி வைத்ததைப் படித்து, ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். அத்துடன் அவள் வேலை முடிந்தது. மீதி நேரம் மேடையோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

சமையலறையில் ஒத்திகை நடந்தது. நான் ஏரோது. என் மனைவி அமலா எனக்கு முன்பே வந்து இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்து, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே பிறப்பார்?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"அப்பா, ராஜா இப்படிப் பேச மாட்டாரு. இது பஸ்ல டிக்கெட் கேக்கற ஜெர்மன்" என்றாள் நிம்மி.

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரிந்தது அந்த ஜெர்மன்தான். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. பேச்சு முழுவதும் அதற்குள் ஜெர்மனில் அமைந்துவிட்டது. தமிழை எங்களோடு வீட்டுக்குள் மட்டும் பேசுகிறாள், வீட்டுச் செருப்பைப்போல.

நான்காம் நாள் ஒத்திகையின்போது சுருளை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவங்களுக்குத்தான் எந்த ஊருன்னு தெரியுமே. ஏன் போயிப் பாக்கல?"

"பெரியவங்களுக்கு வேலை இருந்திருக்கும். நீ சாப்பிடு" என்றாள் அமலா.

ஐந்து வருடமாக இந்தக் கேள்வியின் பக்கத்திலேயே குடியிருந்து வருகிறேன். எட்டு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன் ஒரு செய்தியை இவ்வளவு காலம் எழுதாமல் வைத்திருப்பது அழகில்லை. இப்போது எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் வரும் கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். நான் இப்போது இருக்கும் நகரத்தின் பெயரையும் எழுத மாட்டேன். காரணம் படிக்கும்போதே தெரியும்.

2

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் தாலுகா. ஏரியூர் போகிற ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதை ஒன்றின் முடிவில் ஒரு கத்தோலிக்கக் குடியிருப்பு. இதற்கு மேல் அடையாளம் கிடையாது. என் அம்மா பிறந்த ஊர் என்பதால் அடிக்கடி போவேன். பங்குச் சாமியார் பூசை வைக்க மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது உபதேசியார் சவரியப்பன். அறுபதை நெருங்கியவர். கேழ்வரகுக் காடு கொஞ்சம் இருந்தது. கோயிலை ஒட்டி ஓட்டு வீடு, அதன் பின்புறம் ஒரு தனி அறை.

மெசியா வருகையைப் பற்றிய தீர்க்கதரிசனங்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவரே சொல்வார். கன்னி ஒருத்தி கருத்தரிப்பாள் என்ற இசையாஸ், சின்ன ஊரிலிருந்து ஆளுகிறவர் வருவார் என்ற மிக்கேயாஸ், எழுபது வாரம் என்று கெடு வைத்த தானியேல், எல்லாம் அதிகாரம், வசனத்தோடு வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறுகளில் செபம் முடிந்ததும் கோயில் வாசலில் புளியங்கொட்டைகளைக் கொட்டி எழுபது வாரக் கணக்கு போடுவார்.

"வாரம்னா ஏழு நாளுன்னு நெனைக்காதீங்க. ஏழு வருசம். எழுபது ஏழு நானூத்தித் தொண்ணூறு. இங்கிருந்து எண்ணிக்கிட்டே வாங்க, கரெட்டா நம்ம ஆண்டவரு காலத்துல வந்து நிக்கும்."

"எங்கிருந்துங்க எண்ண ஆரம்பிக்கணும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எங்கிருந்து ஆரம்பிச்சா கரெட்டா வருதோ அங்கிருந்துதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்ததும் என் பக்கம் திரும்பினார். "பேப்பர்காரனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நேத்து நடந்ததயே நீ இன்னைக்குத்தான் எழுதற. அவங்க எழுநூறு வருசம் முன்னாலயே எழுதிட்டாங்க தம்பி."

அப்போது எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போது இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஊரில் மூன்று ராஜாக்கள் நாடகம் நடக்கும். தெருக்கூத்தின் மெட்டில் பாட்டு, கூத்தில் கட்டுகிற மாதிரி கிரீடம், தோளில் புஜக்கட்டை. ஏரோது குதித்துக்கொண்டு வருவான். அவன் கேட்கும்போது வேத வல்லுநராக முன்னே வருகிறவர் உபதேசியார். பருத்திப் பஞ்சில் தாடி, கையில் மூங்கில் கோல். பெத்லகேம் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, கோலால் திசை காட்டுவார். அப்போது ஊர் கை தட்டும். ஏரோதின் சேவகர்கள் பிறகு அதே திசையில் கத்தியோடு ஓடுவார்கள். அதற்கும் ஊர் கை தட்டும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் கவனித்ததில்லை. நானும் கவனித்ததில்லை.

3

எண்பத்து மூன்றாம் வருட நவம்பர் கடைசியில் மாதையனும் பாப்பாத்தியும் அந்த ஊருக்கு வந்தார்கள். கைக்குழந்தை ஒன்று, மூன்று மாதம் இருக்கும். கர்நாடக எல்லையைத் தாண்டி ஒரு கல்குவாரியில் வேலைக்குப் போன குடும்பங்களில் ஒன்று. அங்கே போனவர்களை வெளியே விடுவதில்லை. ஆண்களுக்குப் பகலில் காவல், பெண்களுக்கு எப்போதும் காவல். இவர்கள் லாரியில் ஒளிந்து தப்பித்தவர்கள். சொந்த ஊருக்குப் போனால் முதலில் அங்கேதான் தேடுவார்கள் என்று தெரிந்து, வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்திருக்கிறார்கள்.

உபதேசியார் அவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல் பின்னறையில் தங்க வைத்தார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சோறு போட்டார், போர்வை கொடுத்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதைப் பொருட்படுத்தவில்லை. "சத்திரத்துல எடமில்லாம வந்தாங்களே சூசையப்பரும் மாதாவும், அதே மாதிரி" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரிடமும் என்பதுதான் சிக்கல். நாடகத்தில் குழந்தை இயேசுவாக அந்தக் குழந்தையையே தீவனத் தொட்டியில் படுக்க வைக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"எம் புள்ளைக்கு வேசமெல்லாம் வேணாங்க. ஏற்கனவே சளி" என்றாள் பாப்பாத்தி.

எனக்குச் சொல்லி அனுப்பியதும் உபதேசியார்தான். தருமபுரியிலிருந்து சைக்கிளை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போனேன். மாதையன் பேசவே இல்லை. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். கல் உடைத்துத் தோல் மரத்திருந்தது. பேசியவள் பாப்பாத்தி. அங்கே இன்னும் எத்தனை குடும்பம், யார் யார், எந்த ஊர் என்று வரிசையாகச் சொன்னாள். நிருபருக்கு வேண்டியதை வேண்டிய ஒழுங்கில் சொல்லும் ஆட்கள் அபூர்வம். அவள் அப்படிப்பட்டவள்.

"எழுதுனா எங்களுக்கு என்னாங்க ஆவும்?" என்று கேட்டாள்.

"பேப்பர்ல வந்தா கலெக்டர் பார்ப்பாரு. பத்து நாளைக்குள்ள ஜீப் வரும். மத்த குடும்பங்களையும் மீட்டுருவாங்க."

"ஜீப்பு இங்க வருமுங்களா?"

"வரும்."

அந்தப் பக்கத்தில் இது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பேப்பரில் ஊர்ப் பெயர் வந்துவிட்டால் பின்னாலேயே அரசாங்கம் வரும். குடிநீர்க் குழாய் விஷயத்தில் இரண்டு முறை அப்படி வந்தும் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. நான் நம்பியதைச் சொன்னேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த உதவி ஆசிரியர் ஒருவர், ஊர்ப் பெயர் இல்லாத செய்தி செய்தி அல்ல, வதந்தி என்பார். அவர்கள் பெயரை விட்டுவிட்டேன், குழந்தையையும் விட்டுவிட்டேன். அதைப் பெரிய பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் ஊர்ப் பெயரை எழுதினேன். கோயிலை ஒட்டிய உபதேசியார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்றும் எழுதினேன்.

எட்டாம் பக்கத்தில், ஒரு பத்தி கூடக் குறையாமல் வந்தது. உபதேசியார் அதை வெட்டிக் கோயில் சுவரில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை இசையாஸ் வாசகத்துக்குப் பிறகு அதையும் சத்தமாக வாசித்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

4

இங்கே எனக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் மதியம் அங்கே மொழிபெயர்க்கப் போவேன். இலங்கையிலிருந்து வரும் தமிழர்கள் பேசுவதை ஜெர்மனில் சொல்ல வேண்டும், அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் தருமபுரித் தமிழ் அவர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

அந்த அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. படிவத்துக்கு ஒரு நிறம் உண்டு. எந்த நிறத்திலும் முதல் கட்டம் பெயர், இரண்டாம் கட்டம் முகவரி. பெயர் தவறாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். முகவரி காலியாக இருந்தால் அந்த ஆளே இல்லை. நான் எழுதிய செய்திகளின் இலக்கணமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

அங்கே எனக்கு வேலை கொடுக்கும் அம்மாள் ஐம்பது வயதுக்காரர், ஒழுங்கானவர். நீ, நீங்கள் என்ற வேறுபாடு இவர்கள் மொழியிலும் உண்டு. முதல் மாதம் நான் அவரை நீ என்று கூப்பிட்டுவிட்டேன். மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடி, நேராக வைத்தார். அதற்குப் பிறகுதான் பதில் சொன்னார். வீட்டில் சொன்னபோது நிம்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டாள்.

சென்ற வருடம் அங்கே ஒருவர் வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், நாற்பத்தைந்து வயது. பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே சொல்கிறேன். நான் மொழிபெயர்க்கும்போது என் ஜெர்மன் வாக்கியத்தின் நீளத்தைத் தன் தமிழ் வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். "அண்ணை, நான் சொன்னது கூட. நீங்கள் சொன்னது குறைய" என்று வெளியே வந்து சொன்னார். அப்படி என்னைத் திருத்தியவர் அங்கே அவர் ஒருவர்தான். அவருடைய மனு இந்த இலையுதிர் காலத்தில் நிராகரிக்கப்பட்டது. அடுத்த இரண்டு முறை கூப்பிட்டபோது அவர் வரவில்லை. தங்கியிருந்த விடுதியிலும் இல்லை.

5

ஜீப் எட்டாவது நாள் வந்தது.

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். உபதேசியார், அந்த வருடம் ஏரோது வேடம் போட்டவர், கோயிலுக்கு எதிரே கேழ்வரகு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். வந்தவர்கள் நாலு பேரா ஐந்து பேரா என்பதில் அவர்களுக்குள் வித்தியாசம் உண்டு. உபதேசியார் நாடக ஒத்திகையில் இருந்தார், பஞ்சுத் தாடி கட்டியிருந்தார் என்பதில் மூவரும் ஒத்துப்போகிறார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முன்னால் இறங்கினார். கையில் என் செய்தியின் வெட்டுத்துண்டு.

"பேப்பர்ல பாத்தமுங்க. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க போல. அவங்களுக்கு நல்லது பண்ணலாம்னு வந்திருக்கோம். உபதேசியார் வூடு எதுங்க?"

"வாங்க, வாங்க! நாந்தான் உபதேசியார். உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் இவர். பிறகு கோலை நீட்டி வீட்டைக் காட்டினார். "மாதையா! வெளிய வா! ஜீப்பு வந்திருச்சு பாரு!"

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்தார்கள். வண்டியின் நம்பர் கர்நாடகத்து நம்பர் என்பதைக் கேழ்வரகு காய வைத்த பெண் மட்டும் கவனித்திருக்கிறாள். கவர்மெண்டுக்கு எல்லா ஊர் நம்பரும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாளாம்.

மாதையன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்ததும் நின்றான். ஓடவில்லை. பின்னால் முள்வேலி, அதற்கப்பால் காடு. ஓடியிருக்கலாம் என்று மூவருமே சொல்கிறார்கள்.

"உம் பொண்டாட்டி எங்கடா?" என்று கேட்டார் வெள்ளைச் சட்டைக்காரர். குரல் அதற்குள் மாறிவிட்டது.

பாப்பாத்தி குழந்தையின் சளிக்காகப் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மதிய பஸ்ஸில் திரும்ப வேண்டியவள். மண்பாதையில் இன்னும் அரை மணி நேரத்தில் எதிரே நடந்து வந்திருப்பாள்.

"அவ நேத்தே எங்கூடச் சண்ட போட்டுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க. அரூர்ப் பக்கமுங்க" என்றான் மாதையன்.

உபதேசியார் வாயைத் திறந்திருக்கிறார். தவறைத் திருத்துவதில் அவருக்கு எப்போதும் ஆர்வம். மாதையன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அவராகவே இதை என்னிடம் சொன்னார். பிறகு மாதையன் தானாகப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான். வண்டி அரூர் இருக்கும் திசையில் திரும்பிப் போனது.

அன்று அந்த ஊரில் தவறான முகவரி சொன்ன ஒரே ஆள் அவன். நானும் உபதேசியாரும் சரியான முகவரி சொன்னவர்கள்.

6

மறுநாள் நான் போனேன். தாலுகா அலுவலகத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விட்டுத்தான் போனேன். ஒரு இடத்தில் அவன் தானாக ஏறிப் போயிருக்கிறானே என்றார்கள். இன்னொரு இடத்தில் அவனுடைய நிரந்தர முகவரி என்ன என்றார்கள்.

பாப்பாத்தி பின்னறையில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார். அழுதிருந்தார். அது உண்மையான அழுகை. ஆனால் அழுகை நின்றதும் வசனம் வந்துவிட்டது. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றபோது, எரேமியாஸ் முன்னமே சொன்னது நிறைவேறியதாம். பிள்ளைகளை இழந்த ராக்கேல் ஆறுதலை ஏற்காமல் அழுவாள் என்று அவர் எழுதி வைத்திருந்தாராம். "எல்லாம் எழுதியிருக்கறபடிதாம்மா நடக்குது" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எழுதியிருக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"வேதத்துல இருக்குதேம்மா."

"அப்பறம் ஏனுங்க முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா ஓடியிருப்பமில்ல."

உபதேசியாருக்கு வசனம் வரவில்லை. எனக்குத் தெரிந்து அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "ஜீப்பு வருமுன்னீங்க. வந்துச்சுங்க. யாரு வருவாங்கன்னு நீங்க சொல்லல."

அந்த வாரமே நான் இன்னொரு செய்தி எழுதி அனுப்பினேன். பழைய விஷயம் என்று போடவில்லை. பாப்பாத்தியை வேறொரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். மாதையனைப் பற்றி இந்த ஐந்து வருடத்தில் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. நாடகம் அந்த வருடமும் நடந்தது. தொட்டியில் பொம்மை கிடந்தது. உபதேசியார் பஞ்சுத் தாடியோடு முன்னே வந்து, மிக்கேயாஸ் வசனத்தைச் சொல்லி, கோலால் திசை காட்டினார். கை தட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அமலா வெகுகாலமாக என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்திரிகையை விட மனமில்லை என்று தள்ளிப்போட்டேன். ஜனவரியில் புறப்பட்டு வந்தேன். மகளைப் பார்க்க வந்ததாக அவள் நினைக்கிறாள். அதுவும் பொய்யில்லை.

7

இந்தப் பகுதியைப் படித்து வருத்தப்படுகிற வாசகர்கள் இருப்பார்கள். என் உறவினர்களிலேயே இருப்பார்கள். குழந்தை இயேசுவோடு எனக்குச் சண்டை இல்லை. தீர்க்கதரிசனத்தைக் கையில் வைத்திருந்தவர்களோடுதான் சண்டை.

கன்னி கருத்தரிப்பாள் என்ற அடையாளத்தை இசையாஸ் சொன்னது, எதிரிகள் இருவர் படையெடுத்து வரும்போது பயந்து நடுங்கிய ஒரு அரசனுக்கு. அவன் காலத்துக்கு, அவன் பயத்துக்குச் சொன்னது. எழுநூறு வருடம் கழித்து அதை எடுத்து வேறொரு பிறப்பின் மேல் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது. தானியேலின் வாரங்களை எங்கிருந்து எண்ணினால் சரியாக வருமோ அங்கிருந்து எண்ணினார்கள். சரியாக வந்தது. நடந்து முடிந்த பிறகு போடும் கணக்கு தப்பாக வந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. உபதேசியாருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நேற்று நடந்ததை நான் இன்று எழுதுகிறேன். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், தேதியை மட்டும் முன்னால் போட்டுக்கொள்கிறீர்கள்.

மிக்கேயாஸின் வசனம் மட்டும் வேறு ரகம். அந்த ஒரே தீர்க்கதரிசனத்தைத்தான் கதைக்குள்ளேயே ஒருவர், நடப்பதற்கு முன்னால், பயன்படுத்துகிறார். பயன்படுத்தியவன் ஏரோது. அரண்மனைக்கும் பெத்லகேமுக்கும் நடை தூரம்தான். வேத வல்லுநர்கள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். ஒருவர்கூட நடந்து போகவில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தானும் போய் வணங்க வேண்டும் என்றுதான் ஏரோது கேட்டான். நல்லது பண்ணத்தான் கேட்டான். கடைசியில் அந்த வசனத்தால் நேரடியாகப் பயனடைந்தவர்கள் கத்தி வைத்திருந்த சேவகர்கள். அழுத தாய்மார்களுக்கு இன்னொரு வசனம் கிடைத்தது.

கதையில் எனக்குப் பிடித்தவர்கள், எங்கள் நாடகத்தில் மூன்று ராஜாக்களாக வரும் அந்தக் கிழக்கத்தி ஞானிகள். குழந்தையைக் கண்டுபிடித்தார்கள். திரும்பி வந்து தகவல் சொல்லும்படி ஏரோது அவர்களிடம் கேட்டிருந்தான். சொல்லாமல் வேறு வழியாக ஊருக்குப் போய்விட்டார்கள். நிருபர்களாக அவர்கள் உருப்பட மாட்டார்கள்.

8

இந்த மாதம் இரண்டாம் வாரம் அலுவலகத்தில் வேறொருவருக்காக மொழிபெயர்த்து முடித்தேன். அவர் போன பிறகு அந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். நான்கு வருடத்தில் முதல் காப்பி.

வாத்தியாரின் கோப்பு மேசைமேல் திறந்திருந்தது. முகவரிக் கட்டத்தில் பழைய விடுதியின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வெற்றிடம்.

"உங்கள் மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பீர்கள்" என்றார். "அவர் இப்போது எங்கே இருக்கிறார்? அவருடைய நன்மைக்காகத்தான் கேட்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே நன்மை என்று நினைத்திருக்கலாம். கண்டுபிடித்தால் வாத்தியாரைத் திருப்பி அனுப்புவார்களா, இன்னொரு படிவம் கொடுப்பார்களா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் கட்டத்தை நிரப்புகிறவர்.

எனக்கு இடம் தெரியும். தெரு, வீட்டு எண், எத்தனையாவது மாடி, அழைப்பு மணியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதுவரை. அமலா அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தனுப்ப, நான்தான் கொண்டுபோனேன். நாக்கு நுனியில் அந்தத் தெருப் பெயர் வந்து நின்றது. இதை மிகைப்படுத்தவில்லை. எங்கே என்று கேட்டால் இடத்தைச் சொல்வது எனக்கு எட்டு வருடப் பழக்கம். கையைச் சுட்டால் இழுத்துக்கொள்வது மாதிரி அது தானாக நடக்கும்.

"ஹாம்பர்க் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி" என்றேன். "அங்கே உறவினர் யாரோ இருக்கிறார்களாம்."

எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். என் தொழிலில் நான் கொடுத்த முதல் தவறான ஊர்ப் பெயர். கேட்டவர் அதற்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகு அங்கிருந்து கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதா, டிசம்பர் மாத மந்தமா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வாத்தியார் இன்னும் அதே மாடியில் இருக்கிறாரா என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை.

9

நாடகத்தன்று கோயில் நிறைந்திருந்தது. நான்கு மணிக்கே வெளியே இருட்டிவிடும் காலம். ஏரோதாக வந்த சிறுமிக்குக் கிரீடம் காது வரைக்கும் இறங்கியது. மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்டாள். நிம்மி முன்னே வந்தாள், சுருளை விரித்தாள், ஊர்ப் பெயரை ஒரு எழுத்து சிதறாமல் சொன்னாள். நான் எட்டு வருடம் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தது. பக்கத்திலிருந்த மூதாட்டி என்னைப் பார்த்துப் பாராட்டாகத் தலையசைத்தார். இங்கே கோயிலுக்குள் கை தட்டுவதில்லை. அதற்கு நன்றியுடையவனாக இருந்தேன்.

அமலாவுக்கு அன்று மாலை ஷிப்ட். நானும் நிம்மியும் நடந்து வந்தோம்.

"சரியாச் சொன்னேனாப்பா?"

"சரியாச் சொன்னே."

"அப்பறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

மாதையனைப் பற்றி அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை, அமலாவிடம்கூட. என் தமிழில் அவளுக்குப் புரியாத இடங்களில் பஸ் டிக்கெட் கேட்கும் ஜெர்மனில் சொன்னேன். வெட்டுத்துண்டு, பஞ்சுத் தாடி, காப்பி. வெள்ளைச் சட்டைக்காரர் பாப்பாத்தி எங்கே என்று கேட்டது.

"அவரு என்ன சொன்னாரு?"

"அம்மா வூட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாரு."

"போகலையா?"

"இல்ல. பஸ்ல வந்துக்கிட்டிருந்தா."

சுருளைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தாள். அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அவரு வேசம் இருந்திருந்தா நான் அதைத்தான் கேட்டிருப்பேன்" என்றாள்.

அப்படி ஒரு வேடம் எங்கள் ஊர் நாடகத்திலும் இல்லை, இந்த ஊர் நாடகத்திலும் இல்லை. அவன் வருவான் என்று எந்தத் தீர்க்கதரிசியும் எழுதி வைக்கவில்லை.